ஷோரூம் கொடுத்த 5,80,560 ரூபாய் இன்ஜின் எஸ்டிமேட்: கையெழுத்துப் போடும் முன்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அப்பாவிடம் இருப்பது ஒரே ஒரு பத்து சக்கர லாரி. 2018 மாடல், பிஎஸ்-4, ஓடியது 6,40,000 கிலோமீட்டர். இரண்டு மாதமாக ரேடியேட்டர் தண்ணீர் குடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, மேடு ஏறும்போது பிக்கப் இல்லை. ஆனால் ஆயில் அளவு குறையவில்லை. ஷோரூமில் விட்டதும் ஒரே நாளில் "முழு ஓவர்ஹால்" என்று சொல்லி, பாகங்கள் 4,20,000, லேபர் 72,000, வரி 88,560, ஆக மொத்தம் 5,80,560 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். வெளிப் பட்டறைக்காரர் ஒருவர் போனிலேயே இரண்டு லட்சத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். இன்னும் 14 மாத டியூ பாக்கி. ஷோரூமில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். இந்த வண்டிக்கு இந்த வேலை தேவை என்பதை யார், எதை அளந்து பார்த்துச் சொன்னார்கள்? உங்கள் விவரத்தில் அது எங்கேயும் இல்லை. ஐந்து லட்சத்து எண்பதாயிரத்தை ஐந்தாகக் குறைத்துவிட்டால் எண்பதாயிரம் மிச்சம் என்று தோன்றும். தேவையில்லாத ஓவர்ஹாலாக இருந்தால் அந்த ஐந்து லட்சமும் வீண். அதனால் பேரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நான் ஒரு லாரி ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் 11 வருடம் இருந்தேன். அப்புறம் சங்ககிரி பக்கம் சொந்தப் பட்டறை, 14 வருடமாக நடத்துகிறேன். இப்படி எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தவர்களின் வண்டியையும் பிரித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: பெரிய எஸ்டிமேட் எல்லாமே ஏமாற்று வேலை இல்லை. இன்ஜினைப் பிரிக்கும் முன் எழுதும் ஆள், உள்ளே என்னவெல்லாம் போயிருக்கலாமோ அத்தனையையும் எழுதிவிடுவார். குறைத்து எழுதி, பிரித்த பிறகு கூடினால் ஓனர் சண்டைக்கு வருவார் என்ற பயம். ஷோரூமில் ஒரு பாகத்தைப் பழுதுபார்ப்பதைவிட முழு செட்டாக மாற்றுவதே வழக்கம். வேலை முடிந்த வண்டி திரும்பி வந்தால் அவர்களுக்குத்தான் கெட்ட பெயர். ஆக உங்கள் கையில் இருப்பது மிக மோசமான நிலைமைக்கான கணக்கு. உங்கள் வண்டி அந்த நிலைமையில் இருக்கிறதா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நோய்க்கு வருகிறேன். வெளியே ஒழுகவில்லை என்றால், குறையும் தண்ணீர் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் போகிறது: ஆயில் சேம்பருக்குள் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி), சிலிண்டருக்குள், அல்லது புகைக்குழாய்ப் பக்கம். எந்த வழி என்பதுதான் சந்தேகம், செலவு முழுவதும் அதைப் பொறுத்தது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகடு) போயிருக்கலாம், ஹெட்டில் விரிசல் இருக்கலாம், லைனரின் (பிஸ்டன் ஓடும் குழாய்) அடி ரப்பர் ரிங் போயிருக்கலாம், லைனரே ஓட்டையாகியிருக்கலாம், ஆயில் கூலர் உள்ளே உடைந்திருக்கலாம், இஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் முறை) வண்டியாக இருந்தால் இஜிஆர் கூலர் உள்ளே ஒழுகலாம். உங்கள் வண்டி இஜிஆரா, ஆட்புளூ (புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல்) ஊற்றும் வண்டியா என்று நீங்கள் எழுதவில்லை. இஜிஆர் கூலர் என்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். பக்கவாட்டில் கழற்றி, தண்ணீர் வழியை அடைத்து, தொட்டியில் அமுக்கிக் காற்றடித்தால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். ஆயில் கூலரும் அப்படித்தான். இந்த இரண்டும் ஹெட் கேஸ்கெட் போனது போலவே வேஷம் போடும். பார்க்காமல் ஹெட்டைக் கழற்றிய வண்டிகள் என் பட்டறைக்கே நிறைய வந்திருக்கின்றன.

ஆயில் குறையவில்லை என்பதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதி சரி. ரிங்கும் லைனரும் தேய்ந்த இன்ஜின் ஆயிலைத் தின்னும், நீலப் புகை தள்ளும். அது இல்லை என்றால் முழு ஓவர்ஹால் என்ற முடிவே சந்தேகத்துக்கு உரியது. ஆனால் சேம்பருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தால், எரிந்து குறையும் ஆயிலின் இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிடும். டிப்ஸ்டிக் அதே அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும். டீசல் கலந்தாலும் இதே கதைதான். அதனால் அளவை நம்பாமல் ஆயிலைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் மூடியின் உள்பக்கத்திலும் பால் கலந்த டீ நிறத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

இதைவிடத் தெளிவான ஒரு சோதனை இருக்கிறது, காசே செலவில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் செல்ஃப் அடிக்காமல், மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் போய் சேம்பர் டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தட்டும். முழுவதும் கழற்றக் கூடாது. மரையில் கசியும் அளவுக்கு வந்தால் போதும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், ராத்திரியில் அடியில் போய்த் தங்கிவிடும். முதலில் வருவது கறுப்பு ஆயில் என்றால் சேம்பருக்குள் தண்ணீர் பெரும்பாலும் இறங்கவில்லை. கூலண்ட் நிறத்தில் மெல்லிய தாரையாக வந்து அப்புறம் ஆயில் வந்தால், உள்ளே இறங்குவது உறுதி. அந்த நிமிடத்திலிருந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஷோரூமில் இருந்து வேறு பட்டறைக்குக் கொண்டுபோனாலும் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் கலந்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போகலாம், பேரிங்கோடு கிராங்க்கும் போகலாம். ஐம்பதாயிரத்தில் முடிய வேண்டியது அன்றைக்குத்தான் ஐந்து லட்சம் ஆகும்.

உள்ளே இறங்குவது உறுதியானால் அடுத்து பிரஷர் டெஸ்ட். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பு மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் பிரஷர் அளவுக்கு ஏற்றி அரைமணி நேரம் விட வேண்டும். சேம்பரைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த லைனரின் அடியிலிருந்து சொட்டுகிறது என்று கண்ணுக்கே தெரியும். சிலிண்டருக்குள் போகிறது என்று சந்தேகம் இருந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் சிலிண்டரிலிருந்து பீய்ச்சி அடிக்கும். இன்ஜெக்டரைக் கழற்றாமல் செல்ஃப் அடித்தால், பிஸ்டன் மேல் நிற்கும் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதையெல்லாம் செய்ய ஒரு நாள் போதும். ஷோரூம் இதைச் செய்ததா என்று கேளுங்கள். செய்திருந்தால் ஜாப் கார்டில் (ஷோரூம் போடும் வேலைச் சீட்டு) எழுதியிருக்கும்.

சோதிக்க வேண்டிய இன்னொரு இடம் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் வண்டிக்கு ஒரு ஷோரூமில் ஹெட் வேலையும் லைனர் வேலையும் சொல்லிவிட்டார்கள். காரணம், ரேடியேட்டர் வாய்வரை தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்தால் குமிழி குமிழியாக வந்தது. ஹெட் கேஸ்கெட் போனால் அப்படித்தான் வரும், அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பல லாரிகளில் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் ஏர் கம்ப்ரஸரும் இன்ஜின் தண்ணீரிலேயேதான் குளிர்கிறது. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, டேங்க் காற்றை இறக்கிவிட்டு, கம்ப்ரஸரிலிருந்து போகும் பைப்பைக் கழற்றி ஸ்டார்ட் செய்தோம். குமிழி நின்றுவிட்டது. போயிருந்தது கம்ப்ரஸரின் ஹெட். அந்த ஓனர் ஹெட்லைட் பக்கம் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மனைவியின் நகையை வைத்து மூன்று லட்சம் புரட்டிக் கையில் வைத்திருந்தார். உங்கள் வண்டியிலும் அதே கோளாறுதான் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சோதனைக்கு கால்மணி நேரம்தான் ஆகும், அதைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

பிக்கப் இல்லாததைத் தண்ணீர் குறைவதோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. அது தனி நோயாகவும் இருக்கலாம்: டீசல் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸில் கீறல், டர்போ, இன்ஜெக்டர். வெள்ளைப் புகையிலும் இரண்டு வகை உண்டு. கூலண்ட் எரிந்தால் இனிப்பு கலந்த வாடை வரும். எரியாத டீசல் என்றால் கண் எரியும். கண் எரிகிறது என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவை (இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசல்) முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சின்ன நோய்கள் ஒரே சமயத்தில் வந்து ஒரு பெரிய நோயாகத் தெரிவதை அடிக்கடி பார்க்கிறேன்.

முழு ஓவர்ஹால் உண்மையிலேயே தேவை என்று சொல்ல நான் கேட்கும் ஆதாரம் நான்கு: ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன், பிரீதர் குழாய் வழியாக வரும் புளோபை (பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று) அளவு, இன்ஜின் சூடான பிறகு கையால் மாட்டிய கேஜில் ஆயில் பிரஷர், ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே உலோகத் துகள். புளோபை பார்க்கும்போதும் ஏர் கம்ப்ரஸரையும் டர்போவையும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், அவை தேய்ந்திருந்தாலும் சேம்பருக்குள் காற்றைத் தள்ளும். நான்கும் கம்பெனி சொன்ன அளவுக்குள் இருந்தால், 6,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது என்பதற்காக மட்டும் இன்ஜினை இறக்க வேண்டாம். நான்கில் இரண்டு மோசமாக இருந்தால் ஷோரூம் சொன்னது சரி, வெளிப் பட்டறைக்காரரின் இரண்டு லட்சம்தான் தப்பு.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியைப் பார்க்காமல் போனில் விலை சொன்னவர், ஷோரூமைவிடக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறார். அவரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். வெட் லைனர் (வெளிப்பக்கம் தண்ணீர் படும், கழற்றி மாற்றக்கூடிய லைனர்) இன்ஜின் என்றால் லைனர் செட் மாற்றிவிடலாம். தனி லைனர் இல்லாமல் பிளாக்கிலேயே சிலிண்டர் துளை போட்ட இன்ஜின் என்றால் லேத்துக்குப் போய் ரீபோர் செய்யவோ ஸ்லீவ் இறக்கவோ வேண்டும், செலவும் நாளும் வேறு. பிஸ்டன், லைனர் எந்த கம்பெனி போடுவார்? இந்தியா பிஸ்டன்ஸ் மாதிரி பெயர் உள்ள கம்பெனி பாகங்களைப் பில்லோடு வாங்கினால் ஷோரூம் பாகம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. பெயர் தெரியாத டப்பாவில் வருவதைப் போட வேண்டாம். இன்ஜெக்டர் மாற்றினால் அதன் மேல் உள்ள கோடு நம்பரை ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஏற்ற அவரிடம் கருவி இருக்கிறதா? இல்லை என்றால் வேலை முடிந்த பிறகும் பிக்கப் சரியாக வராமல் போகலாம். ஆரம்ப காலத்தில் நானே ஓனர் அவசரப்படுத்தினார் என்று ஒரு லைனரை மட்டும் மாற்றி, மற்ற ஐந்தையும் அளக்காமல் மூடினேன். நான்கு மாதத்தில் வண்டி நாக்பூர் பக்கம் நின்றது. லோடு மாற்றி, வண்டியை இழுத்து வந்த செலவு அவருக்கு. அந்தத் தப்பு என்னுடையது.

ஒரு லைனரில் ஊசி ஓட்டை தெரிந்தால், மற்றவற்றின் வெளிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் லைனரின் வெளிச்சுவரில் தண்ணீர்க் குமிழிகள் உடைந்து உடைந்து, கறையான் அரித்த மாதிரி குழி விழும். கூலண்ட் ஊற்றாமல் போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டியில் இது சீக்கிரம் வரும். அப்பா இவ்வளவு நாளும் எதை ஊற்றினார் என்று கேட்டுப் பாருங்கள். திட்டுவதற்காகக் கேட்கச் சொல்லவில்லை, எதை முதலில் சந்தேகிப்பது என்று தெரிந்துகொள்ளத்தான்.

சரி, சோதனை எல்லாம் முடிந்து பெரிய வேலைதான் என்று ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது எஸ்டிமேட்டை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஓவர்ஹால் கேஸ்கெட் கிட் என்று ஒரு வரி இருந்தால், அதற்குள் ஹெட் கேஸ்கெட் பெரும்பாலும் வந்துவிடும். கீழே அதைத் தனியாகவும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாகத்தின் டப்பாவில் அச்சிட்ட எம்ஆர்பியில் வரி சேர்ந்தே இருக்கிறது. எஸ்டிமேட்டில் எம்ஆர்பியையே அடிப்படை விலையாக எழுதி அதன் மேல் 18 சதவீதம் போட்டிருந்தால் இரண்டு முறை வரி கட்டுகிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம்தான், அதற்கு முன் பலவற்றுக்கு 28 இருந்தது. விலைப் பட்டியல் பழையதா என்றும் கேளுங்கள். உங்கள் 4,92,000-க்கு 88,560 என்பது சரியாக 18 சதவீதம். ஆனால் அந்த 4,20,000 வரிக்கு முந்தைய விலையா என்பது எனக்குத் தெரியாது, பாகம் பாகமாகப் பிரித்த தாளை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் கிராங்க், ஹெட், டர்போ, இன்ஜெக்டர், ஆயில் பம்பு மாதிரி விலை அதிகமான வரிகளுக்கு எதிரே "அளந்த பிறகு முடிவு" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளந்தால் அப்படியே போடலாமா, கிரைண்டிங் செய்து 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போடலாமா என்று தெரிந்துவிடும். சில கம்பெனிகள் கிரைண்டிங் கூடாது என்கின்றன, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஹெட்டை பிரஷர் டெஸ்ட் செய்யாமல் புது ஹெட் வேண்டாம். இன்ஜின் பிரிக்கும் அன்று அப்பாவோ நீங்களோ பக்கத்தில் இருங்கள். கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றும் எங்களுக்கு வேண்டும் என்று முன்பே ஜாப் கார்டில் எழுதுங்கள். கம்பெனியே ரீகண்டிஷன் செய்து தரும் இன்ஜினும் கிடைக்கலாம் (டாடாவில் புரோலைஃப், கம்மின்ஸில் ரீகான் என்று பெயர்). பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்வது. ஓவர்ஹால் விலைக்குப் பக்கத்தில் வந்தால் நாள் மிச்சமாகும். பழைய இரும்புக் கடை இன்ஜின் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்சியில் பதிய வேண்டும், டியூ இருப்பதால் ஃபைனான்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஒப்புக்கொண்டு வேலை முடிந்துவிட்டால், கூலி வராத வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு பட்டறைக்கு உரிமை தருகிறது. அதனால் சண்டை போடுவதாக இருந்தால் கையெழுத்துக்கு முன்பே போடுங்கள். "இந்தத் தொகைக்கு மேல் போனால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்" என்ற ஒரு வரி போதும். வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பினாலும் பிற்பாடு உதவும். வணிக வாகனத்துக்கு நுகர்வோர் நீதிமன்றம் கிடையாது என்று யாராவது சொல்வார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு இருக்கிறது. ஒரே லாரியை வைத்து ஓட்டும் அப்பா அதில் வருவார் என்று வாதாட முடியும். புகார் உதவிக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் அது முடிய மாதக்கணக்கில் ஆகும், நின்ற வண்டிக்கு டியூ அதுவரை காத்திருக்காது. இன்சூரன்ஸையும் எதிர்பார்க்க வேண்டாம், தேய்மானத்துக்கும் சாதாரண இன்ஜின் கோளாறுக்கும் அதில் பணம் வராது. குட்வில் (வாரண்டி முடிந்த பிறகும் கம்பெனி தானாகத் தரும் சலுகை) கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை: டீலரிடம் கேட்காமல், கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜரிடம் சர்வீஸ் பில்களோடு போங்கள். ஆறு லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு பெரிதாகக் கிடைக்காது, பாகங்களில் கொஞ்சம் குறைக்க வாய்ப்பு உண்டு.

வண்டியை விற்றுவிடலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். இப்படியே விற்றால் 7 லட்சம், ஓடும் நிலையில் 11 லட்சம் என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு சரியென்றால், 5.8 லட்சம் போட்டு உடனே விற்பது நஷ்டம். அப்பா இன்னும் மூன்று நான்கு வருடம் இதே வண்டியை ஓட்டப்போகிறார் என்றால் மட்டும் முழு வேலை செய்யுங்கள். கூலரோ கேஸ்கெட்டோ மட்டும்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், செய்து ஓட்டுங்கள். இதை எல்லாம் இங்கே உட்கார்ந்துகொண்டு, இன்ஜின் சத்தம் கேட்காமல் சொல்கிறேன் என்பதையும் மனதில் வையுங்கள்.

நாளைக்கு ஷோரூமுக்குப் போகும்போது விலையைப் பற்றிப் பேசாதீர்கள். கம்ப்ரஷன், புளோபை, பிரஷர் டெஸ்ட் மூன்றின் அளவையும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். செய்யவில்லை என்றால் சோதனைக் கட்டணம் கட்டியாவது செய்ய வையுங்கள். டிரெயின் போல்ட்டில் முதலில் என்ன வந்தது என்பதையும், வண்டி இஜிஆரா ஆட்புளூவா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த அளவுகளைப் பார்த்துவிட்டு, எந்த வேலையைச் செய்யலாம், எதை விடலாம் என்று சொல்கிறேன்.